அணிலுக்குப் பல் பார்த்த முள்ளம்பன்றி

குளக்கரைக் காட்டில் பேச்சியம்மா என்ற யானை, பொடிசு என்ற அணிலைப் பிள்ளை மாதிரி வளர்த்து வந்தாள். வாழைப்பழத்தை மிதித்துக் கூழாக்கித்தான் ஊட்டுவாள். கடினமான எதையும் கடிக்க விடமாட்டாள். பிள்ளைக்கு வாய் வலிக்குமாம்.

ஒருநாள் பொடிசு சாப்பிட மறுத்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. பேச்சியம்மா அதை வைத்தியம் பார்க்கும் வெள்ளாட்டிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வெள்ளாடு ஒரு தழை கொடுத்தது. கேட்கவில்லை. வேறு தழை கொடுத்தது. அதுவும் கேட்கவில்லை.

"இது என் கைக்கு அடங்காதும்மா. மேட்டுக்கு அந்தப் பக்கம் முள்ளம்பன்றி இருக்கு. கொறிக்கிற பிராணிகளுக்குப் பல் பார்க்கிறது அதுதான். இன்னைக்கே போ."

"தெரியலைன்னு இப்பத்தான் சொல்றியா? நீயெல்லாம் ஒரு வைத்தியரா?"

வாய்தான் அப்படிப் பேசியது. உண்மையில் முள் என்றாலே அவளுக்குப் பயம். மேட்டுப் பக்கம் போகாமல் வீட்டுக்கே திரும்பினாள்.

வழியில் எருமை சொன்னது: "சேத்துல புரட்டி எடுங்கக்கா. எனக்கு எது வந்தாலும் அதுதான்."

புரட்டினாள். பொடிசு சேற்று உருண்டையானது.

கோழி சொன்னது: "நாலு கல்லை முழுங்கச் சொல்லுங்க. எனக்கு அப்படித்தான் செரிக்கும்."

பொடிசு கல்லைப் பார்த்தது. பேச்சியம்மாவைப் பார்த்தது. தலை தொங்கிப்போய், ஈனக்குரலில் சொன்னது: "அம்மா, எருமையும் கோழியும் நல்லாத்தான் இருக்காங்க. நான்தான் செத்துருவேன் போல."

அவ்வளவுதான். பேச்சியம்மா முள்ளையும் மறந்து, மூச்சிரைக்க மேடு ஏறினாள்.

முள்ளம்பன்றி பொடிசின் வாயைத் திறந்து பார்த்தது. கீழ்ப்பல் நீண்டு வளர்ந்து மேலண்ணத்தைக் குத்திக்கொண்டிருந்தது.

"என்ன கொடுக்கிறே இதுக்கு?"

"பழக்கூழ். பாசமாத்தான் ஊட்டுறேன்."

"எங்களை மாதிரி கொறிக்கிற பிராணிகளுக்குப் பல்லு சாகிற வரைக்கும் வளரும், தாயி. எதையாவது கடிச்சாத்தான் தேயும். உன் பாசம் கடிக்க விட்டாத்தானே?"

முள்ளம்பன்றி நீண்ட பல்லை நறுக்கென்று கத்தரித்தது. பொடிசு அசையவில்லை. பேச்சியம்மாதான் காடே அதிர அலறினாள்.

"இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா, எனக்கு இங்கே வேலையே இருந்திருக்காது," என்றது முள்ளம்பன்றி.

"வெள்ளாட்டை வேற திட்டிட்டு வந்துட்டேனே."

"திட்டுவாங்கன்னு தெரிஞ்சும் உண்மையைச் சொல்லி அனுப்பிச்சுது பாரு, அதுதான் வைத்தியர்."

அன்று மாலை பொடிசு ஒரு பாதாங்கொட்டையைக் கறுக் கறுக்கென்று கடித்தது. ஒவ்வொரு கடிக்கும் பேச்சியம்மா முகத்தைச் சுளித்தாள். ஆனால் பிடுங்கவில்லை.

கொடுத்த மருந்து கேட்காமல், 'இதற்கென்றே இருப்பவரிடம் போ' என்று வைத்தியரே சொல்லிவிட்டால், கண்டவர்களிடம் யோசனை கேட்டுக்கொண்டு நிற்காமல் அன்றைக்கே போய்விட வேண்டும்.