செவலைக் கோழி குடித்த நல்ல கிருமி

வெள்ளந்திப்பாளையத்தில் யாரும் அவசரப்பட்டு எதையும் செய்துவிட மாட்டார்கள். எல்லாரும் கூடி உட்கார்ந்து, நிதானமாக யோசித்து, அதற்குப் பிறகுதான் தப்பாகச் செய்வார்கள்.

அந்த ஊர்ப் பூவாத்தாவுக்கு ஒரே மகள், கோமளா. ஏழு வயது. முட்டை ஒரு துளி வாயில் பட்டால் போதும், உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பிவிடும். போன மாதம் பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் கேக்கைத் தின்றுவிட்டு மூச்சுக்கே திணறிப்போனாள். அன்றிலிருந்து பூவாத்தா மகளின் உதட்டைப் பார்த்துக்கொண்டேதான் சோறு தின்கிறாள். தன் சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூட அவளுக்குத் தெரிவதில்லை.

டவுன் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"நம்ம உடம்புக்குள்ள காவல்காரங்க மாதிரி ஒரு கூட்டம் இருக்கும்மா. கெட்ட கிருமி வந்தா அடிச்சு விரட்டும். உங்க பொண்ணுக்கு அது முட்டையையும் எதிரின்னு நினைச்சுச் சண்டைக்குப் போகுது. இந்தப் பொடியில உயிரோட நல்ல கிருமி இருக்கு. தினம் ஒரு பொட்டலம் மோர்ல கலக்கிக் கொடுங்க. சண்டை தணியலாம். சில பிள்ளைங்களுக்குக் கேக்குது, சில பிள்ளைங்களுக்குக் கேக்கலை. எப்படியானாலும் முட்டை மட்டும் அவ பக்கமே வரக்கூடாது. பொடியைச் சூட்டில வைக்காதீங்க, கிருமி செத்துப்போகும். முப்பது நாள் கழிச்சு வாங்க."

பூவாத்தாவுக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்தது. அதனால் நேராக ஊர்க்கூட்டத்துக்குப் போனாள்.

ஊர்த்தலைவர் சென்னியப்பன் மீசையைத் தடவினார். "சண்டைன்னா பஞ்சாயத்து. ஒரு தரப்பை மட்டும் விசாரிக்கிற வழக்கம் நம்ம ஊர்ல உண்டா?"

"கிடையாதுங்க!"

"காவல்காரங்க ஒரு தரப்பு, முட்டை ஒரு தரப்பு. நல்ல கிருமி மத்தியஸ்தம். அதுவும் போயி காவல்காரங்களோட ஒரே வயித்துக்குள்ள உட்கார்ந்துக்கிட்டா, முட்டை பக்கத்து நியாயத்தை யார் கேக்கறது? முட்டையோ அங்க போகக்கூடாதுன்னு உத்தரவு."

"அப்ப மத்தியஸ்தம்தான் முட்டைகிட்டப் போகோணும்," என்றார் தையல்கடை ஆறுச்சாமி. ஊரிலேயே விவரமானவர் அவர்தான். சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, துணி மிச்சம் என்று காட்டுவார்.

"பிள்ளைக்குக் கொடுத்த மருந்தாச்சுங்களே," என்று இழுத்தாள் பூவாத்தா.

"ஏனம்மிணி, வீட்டுக்குள்ள வந்து வம்பு பண்றது உம் மவளா, முட்டையா?" என்று கேட்டார் தலைவர்.

"முட்டைதானுங்க."

"அப்ப புத்தி யாருக்குச் சொல்லோணும்?"

பூவாத்தா மருந்துப் பொட்டலங்களை எடுத்துத் தலைவர் முன்னால் வைத்தாள்.

முதல் நாள் முட்டைமேல் பொடி கலக்கிய மோரை ஊற்றினார்கள். வழுக்கிக் கீழே போய்விட்டது. "கதவைச் சாத்திக்கிச்சு," என்றார் தலைவர். ஆறுச்சாமி அரைமணி நேரம் கண்ணை மூடி யோசித்தார். "ஓடு போடறதுக்கு முந்தியே உள்ள போயிரோணும்," என்றார்.

ஆகவே, பூவாத்தாவின் செவலைக் கோழியை நாலு பேர் பிடித்துக்கொள்ள, ஐந்தாவது ஆள் மோரைப் புகட்டினார். கோழியைத் தொட்டுப் பார்த்த பூவாத்தா அலறினாள். "ஐயோ, சுடுதுங்க! உள்ள போனதெல்லாம் செத்துப்போகுமுங்க!"

நியாயமான கவலை. கோழியைத் தலைவர் வீட்டுப் பிரிட்ஜில் உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்தினால் இருட்டாகிவிட்டது என்று அது தூங்கிப்போனது. அதனால் பூவாத்தாவின் புருஷன் நாச்சிமுத்து தினமும் காலை முதல் மாலைவரை பிரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். தலைவர் வீட்டில் பால் திரிந்தது, தயிர் புளித்தது, கோழி மட்டும் சௌக்கியமாக இருந்தது.

விசாரணை முடியும்வரை ஊரில் ஒருவரும் முட்டை தின்னக்கூடாது என்று தலைவர் தடை போட்டார். இருந்த முட்டையெல்லாம் அவர் வீட்டுக்கு வந்தது. பூவாத்தா மகளை அந்த வீட்டு வாசற்படிகூட ஏற விடவில்லை.

முப்பது நாளும் கோமளாவுக்கு ஒரு தடிப்பும் இல்லை. உதடு உதடாகவே இருந்தது.

"கேட்டுச்சு பாத்தீங்களா!" என்று ஊரே துள்ளியது. கோழிக்கு மாலை போட்டார்கள். பூவாத்தா அன்றைக்குத்தான் தன் சோற்றில் உப்பில்லை என்று கண்டுபிடித்தாள்.

மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும். மருந்து குடித்தது யாரோ அவரைத்தானே காட்ட வேண்டும்? பூவாத்தா கோழியைக் கூடையில் வைத்துப் பஸ் ஏறினாள். கண்டக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், வைத்தியத்துக்குப் போகிற உயிர் ஆயிற்றே என்று அதற்கு அரை டிக்கெட் வாங்கினாள்.

டாக்டரம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"குழந்தை எங்கம்மா?"

"ஊர்ல நல்லா இருக்காளுங்க. இதுதானுங்க மருந்து குடிச்சது."

டாக்டரம்மா ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தார். "அவளை யார் பார்த்துக்கறாங்க?"

"அவளை எதுக்குங்க பார்க்கோணும்? அவதான் தலைவர் வீட்டுக்கு வெளியில நின்னு அவங்கப்பன் எந்திரிக்காமப் பார்த்துக்கறா."

"அவருக்கு என்ன?"

"கோழி போன வாரமே தலைவர் வீட்டு முட்டைங்க மேல அடையில உட்கார்ந்துடுச்சுங்க. அதை நான் இங்க தூக்கிட்டு வந்தா முட்டை ஆறிப்போகுமில்லீங்க? விடியக்காலையில அவரை உட்கார வச்சிட்டு வந்தேன். சீக்கிரம் பார்த்து அனுப்புங்க, டாக்டரம்மா. காப்பி கொண்டுபோனதுக்கே என்னையக் கொத்த வந்துட்டாருங்க."