பின்னலில் விழுந்த சிக்கு

"தவசியை நீக்கிடுங்க, வாத்தியாரம்மா. தினமும் அவனாலதான் பின்னல் சிக்குது" என்றார் மாசிலாமணி.

பின்னல் கோலாட்டம் சொல்லித்தர வந்த அமலோற்பவம் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வயதில் அவரைவிடச் சின்னவள். ஆனாலும் குரு.

"சிக்கினா என்ன? திருப்பி ஆடிப் பிரிச்சுக்கலாம்."

"என்னவா? ஆத்தங்கரைக் குடிசையிலேருந்து அள்ளிக்கிட்டு வந்து ரெண்டு பிளாக்குல கொட்டினாங்க எங்களை. தண்ணி லாரி வந்தா குடத்தாலேயே மண்டையை உடைச்சுக்கறோம். திருவிழாவுல ரெண்டு பிளாக்கும் சேர்ந்து சிக்கில்லாம ஒரு சடை பின்னிட்டா இந்தச் சண்டை ஓயும்னு நம்பித்தானே உங்களைத் தேடி வந்தேன்!"

அவள் சிரித்தாள்.

"நாளைக்குத் தவசி பின்னாடியே ஆடுங்க. அவன் காலைப் பாருங்க."

மறுநாள் சாயங்காலம். கம்பத்தின் உச்சியிலிருந்து கயிறுகள் தொங்கின. ஆளுக்கு ஒன்று. எதிரே வருகிறவரை ஒருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே தாண்டிப் போனால், மேலே சடை தானாக இறங்கும்.

மாசிலாமணி கண்ணை எடுக்கவில்லை. தவசியின் கால் தப்பவே இல்லை.

எதிரே தானும் ஒரு கயிற்றைப் பிடித்து வந்த குரு, வெளியே போக வேண்டியவள், சட்டென்று உள்ளே நுழைந்தாள்.

சிக்கியது.

"அம்மா, நீங்களா!"

"உஸ்" என்றாள்.

அதற்குள் கூச்சல். தவசியின் கயிறு எதிர் பிளாக் ரெஜினாள் கொண்டையில் மாட்டியிருந்தது.

"அடேய், குடத்தைத்தான் புடுங்கினே, இப்ப தலையையுமா?"

"குனி அக்கா! கொண்டை கோபுரம் மாதிரி நின்னா நான் எந்தப் பக்கம் போக?"

அவள் குனிந்தாள். அவன் நுழைந்தான். இரண்டு பிளாக்கும் ஒருவர் கைக்கடியில் ஒருவர் புகுந்து, இடித்து, சிரித்து, கயிறு பிரித்தது.

"ஏண்டா, உன் மகளுக்குக் காய்ச்சலாமே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நேத்து ஒரு குடம் பிடிச்சு வெச்சிருப்பேனே" என்றாள் ரெஜினாள்.

"சொன்னா நீ காது குடுத்திருப்பியாக்கும்!"

"இப்ப குடுத்துட்டுதானே நிக்கிறேன். இழுக்காதே, கம்மல் வருது!"

சிக்கு பிரிந்தது. வட்டம் மறுபடி கிளம்பியது. சடை அழகாக இறங்கியது. ஒருவரும் பேசவில்லை. அவரவர் கண் அவரவர் காலில்.

மாசிலாமணி ஒரு சுற்று பொறுத்தார். இன்னொரு சுற்றும் பொறுத்தார்.

பிறகு, வெளியே போக வேண்டியவர், உள்ளே நுழைந்தார்.