கோடு விழுந்த இடம்

"மாஸ்டர், நான் பதினொரு மணி பஸ்ல கிளம்புறேன்" என்றார் பூபாலன்.

பயிற்சித் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த மாஸ்டர் சகாயமேரி நிமிரவில்லை.

"என்னாச்சு அண்ணே?"

சிறுமலையில் இருந்த அந்தக் குங்ஃபூ பள்ளியில் மாஸ்டருக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு நாற்பத்தாறு. அதனால் குரு சீடரை அண்ணே என்பதும் சீடர் குருவை மாஸ்டர் என்பதும் வழக்கமாகிவிட்டது. அங்கே யாருக்கும் அதில் சிரிப்பு வருவதில்லை.

"ஒன்றரை வருஷம் மாஸ்டர். ஊத்துல இருந்து தண்ணி சுமந்தேன், தொட்டியை நிரப்பினேன். மறுநாளும் அதேதான். ஒரு உதை கூட இன்னும் சொல்லிக்கொடுக்கல."

"உண்மைதான்."

"இந்த வயசுல குங்ஃபூ கத்துக்கப் போறேன்னு கிளம்பினப்ப ஊரே சிரிச்சுச்சு. அவங்க சிரிச்சது சரிதான்னு இப்பத் தோணுது."



மாஸ்டர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"எதுக்காக வந்தீங்க?"

பூபாலன் பையைத் திறந்து, வேட்டிக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு வீடியோ கேசட்டை எடுத்தார். திண்டுக்கல்லில் பதினைந்து வருஷம் வீடியோ கடை நடத்தியவர். சிடி வந்து கடை படுத்தபோது எல்லாக் கேசட்டையும் எடைக்குப் போட்டார், இது ஒன்றைத் தவிர. பழைய குங்ஃபூ படம்.

"இதோட கடைசிச் சண்டை, மாஸ்டர். பதினேழு நிமிஷம். அப்பாவைக் கொன்னவனை ஹீரோ மூங்கில் பாலத்துல வச்சு அடிப்பான். அந்த ஒரு சண்டைக்காகத்தான் மலை ஏறினேன்."

"போட்டுக் காட்டுங்க. பஸ்ஸுக்கு நேரமிருக்கு."

மாஸ்டர் தன் குருவின் பயிற்சிகளை வீடியோ கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். அதைப் பார்க்கப் பள்ளியில் ஒரு டிவியும் கேசட் போடும் டெக்கும் இருந்தன.

பாலத்துச் சண்டை ஓடியது. சட்டையின் தையல்கூடத் தெரிந்தது.

"புதுசு மாதிரி இருக்கே."

பூபாலனுக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸை மறந்து கடைக்காரராகிவிட்டார்.

"கேசட் பொய் சொல்லாது மாஸ்டர். வாடகைக்கு எடுத்தவன் எந்த சீனைத் திருப்பித் திருப்பிப் போட்டானோ, அந்த இடம் தேய்ஞ்சு கோடு கோடா விழும். ஊர்ப் பெரிய மனுஷங்க திருப்பிக் குடுக்குற கேசட்ல பார்த்தா, குளிக்கிற சீன்லதான் கோடு இருக்கும். நான் வெளியே சொன்னதில்ல."

மாஸ்டர் சிரித்துவிட்டார்.

"ஆரம்பத்துல இருந்து போடுங்க."

ஊர் எரிந்தது. அப்பா செத்தார். மகன் மலைக் கோயிலுக்கு வந்து ஒரு குருவின் காலில் விழுந்தான். அவர் இரண்டு வாளிகளை நீட்டினார்.

அவன் தண்ணீரோடு படி ஏறத் தொடங்கியதும் திரையில் வெள்ளைக் கோடுகள் விழுந்தன.

"ஹெட்ல தூசி" என்று பூபாலன் கேசட்டை வெளியே எடுத்தார். துணியில் ஸ்பிரிட் நனைத்து டெக்கின் உள்ளே துடைத்தார். மறுபடி போட்டார்.

வாளியை நீட்டும்வரை படம் பளிச்சென்று இருந்தது. தண்ணீர் சுமந்தான், கோடுகள். மழையில் சுமந்தான், கோடுகள். வழுக்கி விழுந்து, எல்லாம் கொட்டி, காலி வாளியோடு மறுபடி கீழே இறங்கினான். அந்த இடத்தில் ஆள் முகமே தெரியவில்லை.

முதல் உதையைக் கற்கத் தொடங்கியதும் படம் தெளிந்துவிட்டது.

"இதை யாரெல்லாம் வாடகைக்கு எடுத்தாங்க, அண்ணே?"

பூபாலன் டெக்கை நிறுத்தினார்.

"யாருக்கும் குடுத்ததே இல்ல மாஸ்டர். கடை சாத்தினப்புறம் நான் மட்டும் போட்டுப் பார்ப்பேன்."

கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. மாஸ்டர் துடைப்பத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தார்.

"மாஸ்டர், இன்னைக்குத் தொட்டியை யார் நிரப்பினா?"

"இன்னும் யாரும் நிரப்பல, அண்ணே."