மூணு வகைப் பன்னியும் பேச்சியோட பட்டியும்

முன்னொரு காலத்துல பனங்குளம் சீமையை உடையப்ப ராஜான்னு ஒருத்தர் ஆண்டு வந்தாரு. நல்ல மனுசன்தான். ஆனா காலையில ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. யாரு கடைசியா வந்து காதுல ஊதுறாங்களோ, அவங்க சொன்னதுதான் சட்டம்.

அவரு சபையில ஒரு வழக்கம். கட்டியக்காரன் ஒவ்வொருத்தர் பேரையும் அப்பன் பாட்டன் பெருமையோட உரக்கக் கூவுவான். "போரில் யானையை மறித்த வீரராயரின் பேரர், பண்டகசாலைத் தலைவர் கோதண்டராயர் வருகிறார்!"னு கூவினா சபையே எழுந்து நிக்கும். அமைச்சர் இருளப்பன் வந்தா மட்டும், "அமைச்சர் வருகிறார்"னு முனகிட்டு விட்டுருவான். ஏன்னா, இருளப்பனோட அப்பா சன்னாசி பன்னி வளர்த்தவர்.

"பன்னிக்காரன் மவன் வந்துட்டான், மூக்கைப் பொத்துங்க"ன்னு கோதண்டராயர் பக்கத்து ஆளுகிட்டக் கிசுகிசுப்பாரு. அவரு மேல எப்பவும் புனுகும் சவ்வாதும் மணக்கும். ஆளு வர்றதுக்கு முன்னாடியே வாசனை வந்து உட்கார்ந்துரும்!

ஒரு நாள் கப்பல்காரர் ஒருத்தர் ராஜாவுக்குத் தொங்குகாது வெள்ளைப் பன்னிங்களைக் காணிக்கையா கொடுத்தாரு. அதே வாரம் மலைத்தலைவர் செம்பட்டை மயிர்ப் பன்னிங்களை அனுப்பினாரு. ராஜாவுக்கு ஒரே குஷி. எல்லாத்தையும் அரண்மனைக் கொல்லையில ஒண்ணா விடச் சொன்னாரு. விட்டாங்களோ இல்லையோ, ஐயையோ, ஒண்ணு மேல ஒண்ணு பாஞ்சு போட்ட கூச்சல்ல ராணியம்மா ஊஞ்சலை விட்டு இறங்கி ஓடினாங்க. ஆளுங்க தடியோட ஓடி வந்து, கடிபடுறதுக்குள்ள எப்படியோ பிரிச்சு விட்டாங்க.

கோதண்டராயருக்கு இது போதாதா? "மகாராஜா, இதுக்கு வேற ஆளைத் தேடணுமா? அமைச்சரோட அக்கா பேச்சி இன்னும் கருப்புப் பன்னிப் பட்டி வச்சிருக்கா. அங்கேயே இதுகளையும் சேர்த்து வளர்க்கட்டும். அமாவாசைக்கு நாம போய்ப் பார்ப்போம். வீட்டுப் பட்டியை ஆளத் தெரியாதவரு நாட்டை எப்படி ஆளுவாரு?"

"அதானே!"ன்னு ராஜா தொடையைத் தட்டினாரு. "இருளப்பரே, ஒரு பன்னி மேல ஒரு கடி இருந்தாலும் உம்ம பதவி போச்சு. உம்ம அக்கா பட்டியும் அரண்மனைக்கு வந்துரும்!"

இருளப்பன் தலை குனியல. "சம்மதம் மகாராஜா. அந்தப் பட்டியில வந்த காசுலதான் நான் படிச்சேன். அதுக்குள்ள நுழைய எனக்கென்ன வெக்கம்?"

அக்கா வீட்டுல வேற பூசை நடந்துச்சு. "ஏலே, உன் பதவியைப் பணயம் வச்சே, சரி. என் பட்டியை யாரைக் கேட்டுடா வச்சே?"ன்னு பேச்சி வெளக்கமாத்தைத் தூக்கிட்டா.

"நீ இருக்கிற தைரியத்துலதான் அக்கா."

"ம்க்கும், இதுக்கொண்ணும் குறைச்சல் இல்ல. சந்தையில வாங்கின புதுப் பன்னியை அப்பா எப்படிச் சேர்ப்பாரு, ஞாபகம் இருக்கா?"

"மறந்தா நான் அவரு மகனா?"

பன்னி நிறத்தைப் பார்த்தா சண்டை போடுது? மோந்து பார்த்துத்தான் உள்ளூரா அசலூரான்னு முடிவு பண்ணும். அக்காவும் தம்பியும் வேட்டி சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு இறங்கினாங்க. வேலியை அகட்டிப் போட்டாங்க. ஒரே தொட்டியில முட்டி மோதாம இருக்க மூலைக்கு மூலை தீனி வச்சாங்க. நடுவுல பெரிய சேத்துக்குழி வெட்டி, புளிச்ச கஞ்சியும் கள்ளு மண்டியும் மீன் கழுவின தண்ணியும் ஊத்திக் கலக்கினாங்க. வயிறு முட்டத் தின்ன பன்னிங்க ஒவ்வொண்ணா அதுல இறங்கிப் புரண்டுச்சு. எழுந்து வந்து ஒண்ணை ஒண்ணு மோந்து பார்த்தா எல்லாம் ஒரே வாடை. அட, நம்மாளுன்னு பேசாம படுத்துக்கிச்சு.

அமாவாசை அன்னைக்கு ராஜா பரிவாரத்தோட வந்தாரு. கருப்பும் வெள்ளையும் சிவப்பும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு தூங்குது. ராஜா வாயைப் பிளந்துட்டாரு.

"மோசடி! சேத்தைப் பூசிக் கடிக்காயத்தை மறைச்சிருக்காங்க!"ன்னு கோதண்டராயர் கத்தினாரு. இருளப்பன் அவரு கையைப் பிடிச்சுத் தடுத்தாரு. "வேண்டாம் ராயரே, உள்ள போகாதீங்க."

"பார்த்தீங்களா மகாராஜா, பயப்படுறாரு!" ராயர் கையை உதறிட்டு, சவ்வாது மணக்கிற பட்டுச் சால்வையோட வேலியைத் தாண்டிக் குதிச்சாரு.

எந்த நாட்டுப் பன்னியா இருந்தாலும் அது வரைக்கும் முகராத வாசனை அது. மொத்தக் கூட்டமும் ஒரே உறுமலா உறுமிக்கிட்டு எழுந்துச்சு. ராயர் ஓட, பன்னிங்க விரட்ட, கடைசியில வேலிக்கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுத் தொங்கினாரு.

"காப்பாத்துய்யா இருளப்பா!"

பேச்சி இடுப்புல கை வச்சுக்கிட்டுச் சொன்னா: "ஒண்ணும் ஆகாது ஐயா. குழியில விழுந்து புரளுங்க, விட்டுரும்."

வேற வழி? யானையை மறிச்சவரு பேரன் தொபுக்கடீர்னு குழியில விழுந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் புரண்டாரு. பன்னிங்க மோந்து பார்த்துச்சு. அவ்வளவுதான். வெள்ளைப் பன்னி ஒண்ணு அவரு தோள் மேல தலையைச் சாச்சுப் படுத்துக்கிச்சு. ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் கழண்டு விழுந்துச்சு.

அப்புறம் பேச்சி குடம் குடமா தண்ணியை ஊத்தி ஒவ்வொரு பன்னியையும் கழுவிக் காட்டினா. ஒரு கீறல் இல்ல.

"அம்மா, இந்தப் பன்னிங்க எல்லாம் இனி உன்னோடது"ன்னாரு ராஜா. "இருளப்பரே, உமக்கு என்ன வேணும்? கேளும்!"

"எங்கப்பா பேரையும் தொழிலையும் சேர்த்துச் சபையில கூவணும், மகாராஜா."

"நாலு பேரு சிரிப்பாங்களேய்யா?"

"சிரிக்கட்டும். அவரைச் சொல்லாம முனகுறதுதான் எனக்கு வலிக்குது."

மறுநாள் கட்டியக்காரன் நெஞ்சை நிமித்திக் கூவினான்: "பன்றி வளர்த்த சன்னாசியின் மகன், அமைச்சர் இருளப்பன் வருகிறார்!" முதல்ல ராஜாவே எழுந்தாரு. பிறகு மொத்தச் சபையும் எழுந்துச்சு.

எத்தனை தடவை குளிச்சும் கோதண்டராயர் மேல அந்தக் குழி வாடை போகல. பக்கத்துல யாரும் உட்காரல. மூக்கைப் பொத்திக்கிட்டு எட்டப் போயிட்டாங்க. இருளப்பன் நேரா போய் அவரு பக்கத்துலயே உட்கார்ந்தாரு.

"எங்க வீட்டு வாடைதானே ராயரே. எனக்குப் பழக்கம்."