நீலவேணிக்குத் திருஷ்டி கழித்த கதை

தில்லைநாயகம் கலியமூர்த்தி அண்ணனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது சீர்காழி பஸ் ஸ்டாண்டில். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அண்ணன், பஸ் நகர நகரக் கழுத்தை நீட்டிச் சொன்னார்: "தம்பி, மறந்துடாத. பூசணிக்காய் எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் நீலவேணி வரணும். ஒண்ணு விடக்கூடாது."

ஊருக்குப் போனவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

விஷயம் இதுதான். மாவு மில் மாடியில் நாலு பேரும் சேர்ந்து ஒரு கதை விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் படம் வரும், கீழே வசனம் வரும், தட்டத் தட்டக் கதை நகரும். கதை மருதப்பன், பாட்டு ஞானசேகர், கம்ப்யூட்டர் வேலை தில்லைநாயகம், படமெல்லாம் அண்ணன்.

நாயகி நீலவேணியை வரைய அண்ணனுக்கு நாளாயிற்று. அதுவரை இடம் சும்மா கிடக்க வேண்டாமென்று, வாசலில் கட்டியிருந்த திருஷ்டிப் பூசணியைப் படம்பிடித்து அவள் இடத்தில் போட்டுவைத்தார். அதற்கு மீசை உண்டு, கோரைப்பல்லும் உண்டு. அதைப் பார்த்துத்தான் நாயகன், "உன் ஒரு சிரிப்புக்கு உயிரையே தருவேன்" என்று உருகிக்கொண்டிருந்தான். அந்த இடம் வரும்போதெல்லாம் மருதப்பன் கண்ணைத் துடைத்துக்கொள்வான்.

நீலவேணியை வரைந்து முடித்த பிறகுதான் அண்ணன் பஸ் ஏறினார்.

காரியம் முடிந்து வந்ததும் மூவரும் வேலையில் இறங்கினார்கள். செத்தவர் வாக்கு. காய்கறிக் கடைக் காட்சியில் அண்ணன் வரைந்திருந்த பூசணிக் குவியல்கூடத் தப்பவில்லை. கடைக்காரர் நீலவேணிகளை அடுக்கிவைத்திருந்தார். நாயகனின் அம்மா, "முழுசு வேணாம், பாதியா நறுக்கிக் குடுப்பா" என்றாள்.

"அந்தம்மாவுக்கு மருமகளப் பிடிக்காதுன்னு முன்னாடியே எழுதியிருக்கேன். பொருந்துது" என்றான் மருதப்பன்.

விளையாட்டை ஒரு போட்டிக்கு அனுப்புவதாக இருந்தார்கள்; அந்த நாள் வந்தது. ஜெயித்தால் அண்ணன் பேர் நாலு பேருக்குத் தெரியும். அவர் வரைந்ததெல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

"திருஷ்டி கழிச்சிட்டு அனுப்புவோம்" என்று ஞானசேகர் வாசல் பூசணியை அவிழ்த்தான்.

தில்லைநாயகம் பதறினான். "நில்லுடா! அது என்னது?"

"பூசணிக்காய்."

"பூசணிக்காய் இருக்கிற இடத்துல யார் வரணும்?"

பூசணியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு மூவரும் யோசித்தார்கள்.

"அவ படத்த அச்செடுத்து உடைச்சா?"

"காகிதம் கிழியும்டா, எப்படி உடையும்?"

"அப்ப நெஜ நீலவேணி எங்க இருக்கா?"

மூவரும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள்.

"வெளையாட்டும் அதுக்குள்ளதானே இருக்கு" என்று மருதப்பன் இழுத்தான்.

"அதுக்குத்தானடா திருஷ்டியே கழிக்கிறோம்!"

தில்லைநாயகத்துக்கு ஜன்னலில் நீண்ட கழுத்து நினைவுக்கு வந்தது. ஒண்ணு விடக்கூடாது. கம்ப்யூட்டரைத் தானே முச்சந்திக்குச் சுமந்தான். குங்குமம் தடவிக் கற்பூரம் ஏற்றி, வாசலைப் பார்த்துச் சுற்றி, அண்ணனை நினைத்துத் தரையில் ஓங்கி அடித்தான். ஒரே அடியில் உடைந்தது. நல்ல சகுனம் என்றான் ஞானசேகர். யார் காலிலும் குத்தாமல் சில்லுகளை ஓரமாகக் கூட்டித் தள்ளிவிட்டு, விளையாட்டை அனுப்புவதற்காக மூவரும் மாடியேறினார்கள்.

மேஜை காலியாக இருந்தது. வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு, இடம் சும்மா கிடக்க வேண்டாமென்று பூசணிக்காயைத் தூக்கி அங்கே வைத்தார்கள்.

இன்னும் அங்கேதான் இருக்கிறது.