நிவேதனத்துக்கு முன்

தூர்ந்துபோன ஏரி ஒன்றின் கரையில் ஒரு மடம் இருந்தது. அதன் தலைவர் நிறைமதி அடிகள். ஏரியை மீட்கவும், அந்த வேலையையே பிள்ளைகளுக்குப் பாடமாக்கவும் உழவர்களும் பள்ளி ஆசிரியர்களும் மடத்தாரும் ஒன்றுகூடினார்கள். பணி எப்படி நடக்கிறது என்று கண்டு சொல்லும் பொறுப்பை அடிகள் தம் சீடர் சபாநடேசருக்குத் தந்தார். மடத்துக்கு வருமுன் முப்பது ஆண்டுகள் தேர்வுத்தாள் திருத்தியவர் அவர்.

பணி தொடங்கிய எட்டாம் மாதம் உழவர்களிடமிருந்து சொல் வந்தது.

"நாளை முதல் நாங்கள் வரமாட்டோம்."

அடிகள் சீடரை அழைத்தார்.

"காரணம் அறிவீரா?"

"அறிவேன் சுவாமி. ஆசிரியர்கள் கூட்டம் வைப்பது காலை பத்து மணிக்கு. உழவர்கள் வயலைவிட்டு வரமுடியாத நேரம் அது. வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர்கள் பேசினார்கள். அந்தப் பேச்சு உழவர்கள் காதுக்கு எட்டிவிட்டது."

"எப்போது கண்டீர்?"

"ஐந்தாம் மாதமே கண்டேன். நாளிட்டு எழுதியும் வைத்திருக்கிறேன். ஆண்டு முடிவில் அறிக்கையில் வரும்."

"அவர்களிடம் சொல்லவில்லையா?"

"தேர்வு நடக்கும்போது தாள் திருத்துகிறவன் வாய் திறக்கலாமா, சுவாமி?"

அடிகள், "இன்றைய உச்சிக்காலப் பூசைக்குச் சர்க்கரைப் பொங்கல் நீர் செய்யும்" என்றார்.

சபாநடேசர் திகைத்தார். ஆயினும் நீராடி, மடைப்பள்ளிக்குள் போனார். சமையல் பார்க்கும் உலகநாதர் உருளியை அடுப்பில் ஏற்றித் தந்தார். அரிசி குழைந்தது, வெல்லம் கரைந்தது. சபாநடேசர் கரண்டி நுனியை உதட்டருகே கொண்டுபோனார்.

"ஐயா, ஐயா! கையை இறக்குங்கள்!" என்று உலகநாதர் பதறினார். "நிவேதனத்துக்கு முன் நாக்கில் பட்டால் எச்சில் அல்லவா? ஈசன் பொறுத்தாலும் நம் அடிகள் சந்நிதானம் பொறுக்காது. அடுத்த வேளை என்னை அடுப்பில் ஏற்றிவிடும்."

"பிறகு பக்குவம் எப்படித் தெரியும்?"

"மூக்கு எதற்கு இருக்கிறது? கொதிக்கிற சத்தம் காதுக்குத் தெரியும். மற்றதைக் கரண்டி பிடித்த கை சொல்லும். முப்பது வருடம் திருத்தினீர்களாம், இது தெரியவில்லையே!"

சபாநடேசர் கிளறினார். சிறிது நேரத்தில் கொதியின் ஓசை தடித்தது. கரண்டி கனத்தது. மெல்லியதாய் ஒரு தீய்ந்த வாடை எழுந்தது. அவர் சட்டென்று விறகை வெளியே இழுத்தார். பாலை ஊற்றி, அடிவரை துழாவினார்.

வாயிலில் அடிகள் நின்றிருந்தார்.

"ஏன் அவசரம்? அடிபிடிக்கிறது என்று எழுதி வையும். அறிக்கையில் வரட்டும்."

"அதற்குள் கருகிவிடுமே, சுவாமி!"

சொன்ன வாய் அப்படியே நின்றது. கையும் நின்றது.

"நிறுத்தினால் பிடித்துவிடும், கொடுங்கள்" என்று உலகநாதர் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

சபாநடேசர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"இப்போதே வயலுக்குப் போகிறேன். அங்கிருந்து பள்ளிக்கும் போகிறேன். ஆனால் ஒரு ஐயம், சுவாமி. நானும் உள்ளே இறங்கிவிட்டால், கடைசியில் இது நன்றா தீதா என்று யார் சொல்வது?"

அடிகள் கருவறைப் பக்கம் கை காட்டினார்.

"முடிந்தபின் சுவை பார்ப்பவன் அங்கே இருக்கிறான். நீர் புறப்படும்."