எந்த மெஷின் குப்பை?

சபேசன் சார் சொன்னால் சொன்னதுதான். மதுரையில் அந்த மென்பொருள் கம்பெனியில் அவருக்கு மறுபேச்சு கிடையாது. தலைமைப் பொறியாளர் ஆயிற்றே! ஒப்பந்த ஊழியரான அருள்புஷ்பம் அவர் முன்னால் உட்கார்ந்ததுகூட இல்லை.

கம்பெனியின் மென்பொருளை ஓடத் தயார் செய்ய சபேசன் எழுதிய பில்ட் ஸ்கிரிப்ட், வாடிக்கையாளர்களான ரத்த வங்கிகளில் இருந்த பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மெஷின்களில் பாதியில் நின்றது. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும், புகாரைக் கொண்டுவந்த அருள்புஷ்பத்திடம் தீர்ப்புச் சொன்னார்: "என் ஸ்கிரிப்ட்ல ஒரு எழுத்தைத் தொடக்கூடாது. அது எந்த மெஷின்ல ஓடலையோ, அந்த மெஷின் குப்பை. தூக்கிப் போடச் சொல்லும்மா."

புது மெஷின் வாங்க அந்த ரத்த வங்கிகளுக்கு வக்கில்லை. இழுத்து மூட வேண்டியதுதான்.

அருள்புஷ்பம் நின்றபடியே கேட்டாள்: "எந்த மெஷினா இருந்தாலும் இதே தீர்ப்புதானா சார்?"

"எதுவா இருந்தாலும்!"

"அப்ப உங்க லேப்டாப்புல ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க சார். கையால டைப் பண்ண வேண்டாம். ரத்த வங்கியில நடக்கிற மாதிரியே தானியங்கி பில்ட் ஓட்டட்டும்."

சபேசன் எப்போதும் கையால் டைப் செய்தே சோதிப்பவர். அப்படிச் செய்தால் அவருடைய மெஷினில் வேலை செய்வது பாஷ் என்ற வசதியான ஷெல், அதாவது கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் புரோகிராம். தானியங்கி பில்ட் கூப்பிடுவதோ எல்லா யூனிக்ஸிலும் இருக்கும் சாதா ஷெல்லை. அவர் ஸ்கிரிப்டில் இருந்த, பாஷுக்கு மட்டுமே புரியும் வரிகள் அதற்குப் புரியாது.

அலட்சியமாகப் பட்டனை அழுத்தினார். ரத்த வங்கியில் நின்ற அதே வரியில் ஸ்கிரிப்ட் நின்றது.

அருள்புஷ்பம் முன்னால் வந்தாள். சார்ஜர் வயரைக் கழற்றினாள். லேப்டாப்பை இரண்டு கையாலும் பவ்யமாகத் தூக்கிக்கொண்டு கேட்டாள்:

"இதை எங்க போடணும் சார்?"